மூன்றாம் பாடத்தின் ஏழாவது கேள்வி

செங்கமலத்தின் வீட்டுக்காரர் பேர் ராசாங்கம். இதை நான் சொல்லலாம், நீங்கள் சொல்லலாம், ரேஷன் கடையில் கார்டை வாங்கி உரக்கப் படிக்கிறவரும் சொல்லலாம். செங்கமலம் மட்டும் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அந்தப் பேர் அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. பேரை விடுங்கள், பேருக்குப் பக்கத்தில் வருகிற எதையும் அவள் தொடமாட்டாள். சிமெண்டு ஆலை ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற சவரிராஜ் அவளுக்கு வெறும் சவரி சார். ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தார் என்று கதை தொடங்கினால், அவள் சொல்லும்போது அவர் 'அந்த ஊருப் பெரியவரு' ஆகிவிடுவார்.

மாமியார் ஆண்டாயி இதில் மருமகளுக்கு ஒரு படி மேல். அவள் புருஷன் அய்யம்பெருமாள் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்டால் 'கல்லங்குறிச்சிக்குப் போயிட்டு வரேன்' என்பாளே தவிர, அந்தச் சாமியின் பேரைச் சொல்ல மாட்டாள். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெண்டாட்டி வாயில் பேர் வந்தால் புருஷனுக்கு ஆயுசு குறையும். இதற்குச் சாட்சியாக அந்தத் தெருவில் பொன்னுத்தாயைக் காட்டுவார்கள். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் கேட்டார்கள் என்று அவள் புருஷன் பேரைச் சொல்லிவிட்டாளாம். எட்டாம் நாள் தாலி இறங்கிவிட்டதாம். அந்த ஆள் சாகக் கிடந்ததால்தான் ஆஸ்பத்திரிக்கே தூக்கிப் போனார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. செங்கமலம் எண்ணிப் பார்த்தாள். குரும்பலூரில் பத்தாவது பாஸ் பண்ணியவள், எண்ணிப் பார்க்காமல் இருப்பாளா. ஆனால் எண்ணிப் பார்ப்பது வேறு, சொந்தப் புருஷனை வைத்துச் சோதித்துப் பார்ப்பது வேறு.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் எண்பத்து மூன்றாம் வருஷம் கோடையில் ஜெர்மன் பாஷை வந்து சேர்ந்தது.

ராசாங்கம் அரியலூர்ப் பக்கத்து சிமெண்டு ஆலை ஒன்றில் ஃபிட்டர். ஆலைக்கு ஜெர்மனியிலிருந்து புது மிஷின் வரப்போகிறது, அதைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு ஃபிட்டரை ஆறு மாசத்துக்கு அங்கே அனுப்புவார்கள் என்று சொன்னார்கள். ஆறு பேர் முன்வந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கேண்டீனில் வகுப்பு. திருச்சியிலிருந்து ஒரு வாத்தியார் பஸ்ஸேறி வருவார். மூன்று மாசம் கழித்துப் பரீட்சை. முதலில் வருகிறவர் விமானம் ஏறலாம்.

ராசாங்கம் ஸ்பேனரைப் பிடித்தால் மிஷின் சொன்னபடி கேட்கும். புஸ்தகத்தைப் பிடித்தால் தூக்கம் வரும். வாத்தியார் சொன்னதையெல்லாம் ஒரு நீள நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டு வருவான். சாப்பிட்டு முடித்ததும் நோட்டை மனைவி கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வான்.

"நீ கேளு, நான் ஒப்பிக்கிறேன்" என்பான்.

கேட்கிறவளுக்குத் தூக்கம் வரவில்லை. அதுதான் வினை. புருஷன் படிக்கப்போய்ப் பெண்டாட்டி கற்றுக்கொண்டாள்.

"வீ ஹைஸன் ஸீ?" என்று நோட்டைப் பார்த்துக் கேட்பாள். உங்கள் பேர் என்ன என்று அர்த்தம்.

"இஷ் ஹைஸெ ராசாங்கம்" என்று கொட்டாவிக்கு நடுவே அவன் சொல்வான்.

இஷ் என்றால் நான். ஆனால் அது நம்முடைய 'ஷ்' கிடையாதாம். கோழியை விரட்டும்போது வாயோரத்தில் காற்று சீறிக்கொண்டு போகுமே, அந்தக் காற்று வேண்டும் என்றாராம் வாத்தியார். ராசாங்கம் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, போதும் என்று விட்டுவிட்டான். செங்கமலம் கொல்லையில் நின்று மூன்று நாள் விரட்டினாள். நாலாம் நாள் சத்தம் சரியாக வந்தது. கோழிகள்தான் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் வரவில்லை.

எண்களில் இன்னொரு வேடிக்கை இருந்தது. இருபத்தொன்று என்று சொல்ல மாட்டார்கள். ஒன்றும் இருபதும் என்பார்கள். முந்திரிக்கொட்டை எண்ணும்போது கையில் மிஞ்சியதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் குவியலைச் சொல்வதுபோல. அவள் அப்படியே எண்ணிப் பழகிவிட்டாள். ஒரு நாள் வாசலில் விறகுக் கட்டு இறக்கியவரிடம் 'மூணும் இருபதும்' என்று சொல்லி அவரைத் திகைக்க வைத்தாள்.

எல்லாவற்றையும்விட அவளைப் பிடித்து இழுத்தது வேறொன்று. அந்தப் பாஷையில் வீட்டுச் சாமான்களில்கூட ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று மூன்று சாதி. கரண்டி ஆண். முள்கரண்டி பெண். கத்தி இரண்டும் இல்லை.

"யாருங்க இதெல்லாம் பாத்து முடிவு பண்ணது?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும். எழுதிப்போட்டாரு, எழுதிக்கிட்டேன்."

"சின்னப் பொண்ணுக்கு ரெண்டும் இல்லன்னு போட்டிருக்கே. கத்தி மாதிரி."

"கல்யாணம் ஆவுறவரைக்கும் அப்புடித்தானாம். ஆயிட்டா அவள் ஆயிடுவாளாம்."

"நல்லாருக்கே நாயம்" என்று செங்கமலம் அடுத்த வரிக்குப் போனாள். "சந்திரன் ஆம்பள. சூரியன் பொம்பள."

அடுப்படியில் இருந்த ஆண்டாயிக்கு இது காதில் விழுந்துவிட்டது. "சூரியன் பொம்பளையா அந்த ஊருல?" என்று எட்டிப் பார்த்தாள். "அதான் அங்க வெயிலே இல்லன்னு சொல்றாங்க. பொம்பளன்னா வூட்டு வேலைய முடிச்சிட்டுத்தான வெளிய வர முடியும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த மூன்று மாசமும் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. தெரியாத ஒன்று தினம் கொஞ்சம் தெரியவருகிறதே என்கிற சந்தோஷம் செங்கமலத்துக்குப் பசியையே மறக்கடித்தது.

மூன்றாம் பாடம் குடும்பத்தைப் பற்றியது. பத்துக் கேள்விகள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று போகும். ஏழாவது கேள்வி, 'வீ ஹைஸ்ட் ஈர் மன்?' உங்கள் வீட்டுக்காரர் பேர் என்ன? பதிலுக்கு 'மைன் மன் ஹைஸ்ட்' என்று எழுதி அதற்கு அப்பால் கோடு போட்டிருந்தது. கோட்டில் பேரை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

"இது பொம்பளங்களுக்கான கேள்வி. நீ சொல்லு" என்றான் ராசாங்கம். அன்றைக்கு அவனுக்குத் தூக்கமே வரவில்லை. "வீ ஹைஸ்ட் ஈர் மன்?"

"மைன் மன் ஹைஸ்ட்..." என்று தொடங்கியவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம். மேல சொல்லு. ஜெர்மன்தான, சும்மா சொல்லு."

செங்கமலம் நோட்டை மூடி அவன் மடியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். முகம் சூடாகியிருந்தது. அதற்குப் பிறகு பாடத்தைப் புரட்டும்போதெல்லாம் ஆறாவது கேள்வியிலிருந்து நேராக எட்டாவதற்குத் தாவினாள். அவனும் தினம் ஒரு தடவையாவது "ஏழு எங்க?" என்று சீண்டாமல் விடவில்லை.

பரீட்சையில் ராசாங்கம்தான் முதல். ஊரே ஆச்சரியப்பட்டது, அவனும்தான். பெரம்பலூர் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தார்கள். செப்டம்பர் மாசம் ஜெர்மனியில் போய் இறங்கினான். வாரம் ஒரு கடிதம் வந்தது. 'ரொட்டிக்கடைக்காரி நான் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறாள். நீ வந்து பேசியிருந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருப்பாள்' என்று எழுதினான். அவள் அதை எத்தனை தடவை படித்தாள் என்று சொன்னால் அவளுக்கு வெட்கமாகிவிடும்.

ஜனவரியில் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. பனி உறைந்த ரோட்டில் வழுக்கி விழுந்துவிட்டானாம். இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருநூற்றுப் பதினாலாம் நம்பர் ரூம், ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத மரம் ஒன்று நிற்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகு கடிதம் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். செங்கமலம் ஆலை ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள். சவரிராஜ் நல்ல மனுஷர். டெலக்ஸ் அடித்துக் கேட்டுப் பதிலைப் படித்துக் காட்டினார். நிலைமை சீராக உள்ளது என்று இருந்தது.

"சீரா இருக்கிறவரு ஏன் சார் ஒரு வரி எழுதல?" என்று அவள் கேட்டாள். அவர் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்தார்.

வீட்டில் ஆண்டாயி சோறு தின்னாமல் கிடந்தாள். ஒரு நாள் வாயைத் திறந்தாள். "அவன் பாட்டுக்குத் தூங்கி விழுந்தான். நீதான தட்டித் தட்டி எழுப்பிக் கேள்வி கேட்ட. இல்லாட்டி வேற எவனாச்சும் போயிருப்பான், எம் புள்ள இங்க இருந்திருப்பான்."

பொய்யாக இருந்தால் செங்கமலம் சண்டை போட்டிருப்பாள்.

பிப்ரவரி கடைசியில் சவரிராஜ் அந்த ஆஸ்பத்திரிக்கே ஒரு டிரங்க் கால் போட்டுப் பேசிப் பார்த்தார். மறுநாள் அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இங்கிலீஷ்ல கேட்டேம்மா. ஒரு அம்மா 'மொமென்ட் பிட்டெ, மொமென்ட் பிட்டெ'ன்னுச்சு. அப்பறம் சத்தமே இல்ல. அதுக்குள்ள மூணு நிமிஷம் ஆயிடுச்சு, கட் பண்ணிட்டாங்க."

"கொஞ்சம் இருங்கன்னு சொல்லியிருக்காங்க சார்" என்றாள் செங்கமலம். "இங்கிலீஷ் தெரிஞ்சவங்களக் கூப்பிடப் போயிருப்பாங்க."

சவரிராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நோட்டுல இருக்கு சார்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "அடுத்த தடவ நான் பேசுறேன்."

நான்கு நாள் அவள் பாத்திரங்களோடு பேசினாள். அண்டாதான் ஆஸ்பத்திரி டெலிபோன் அம்மா. வணக்கம் சொன்னாள், ரூம் நம்பர் சொன்னாள், அண்டா வேகமாகப் பேசினால் 'லாங்ஸாம் பிட்டெ' என்று சொல்லிப் பழகினாள். மெதுவாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். நோட்டின் முதல் பக்கத்திலேயே வாத்தியார் இரண்டு கோடு போட்டு எழுதச் சொன்ன வார்த்தை.

அவள் போட்ட கணக்கு எளிமையானது. பேரைச் சொன்னால்தானே வம்பு? ரூம் நம்பர் கையில் இருக்கிறது. நம்பரைச் சொன்னால் போனை அங்கே கொடுப்பார்கள், அவர் எடுப்பார், வேலை முடிந்தது. சவரிராஜுக்கு இது பிடிக்கவில்லை.

"நம்பர் எதுக்கும்மா சுத்தி வளைச்சி? பேரச் சொன்னா ஒரு நிமிஷத்துல கூப்பிட்டுக் குடுப்பாங்க."

"அது முடியாது சார்" என்றாள். சாதாரண நாளிலேயே சொல்லாதவள், அவன் படுக்கையில் கிடக்கும்போதா சொல்வாள்?

வியாழக்கிழமை காலையில் மாமியாரும் மருமகளும் அரியலூர் தபாலாபீஸுக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த தேவசகாயம் நம்பரை வாங்கிக்கொண்டு, திருச்சி, மெட்ராஸ், பம்பாய் எல்லாம் தாண்டிப் போக வேண்டும், உட்காருங்கள் என்றார். பதினோரு மணிக்கு உட்கார்ந்தவர்கள். ஆண்டாயி பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது.

மூன்று மணிக்கு தேவசகாயம் கையை ஆட்டினார். "ஜெர்மனி வந்திருச்சு, ஓடியாங்க. மூணு நிமிஷந்தான்."

செங்கமலம் டெலிபோன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரிசீவரைக் காதில் வைத்தால் ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கடகடவென்று ஏதோ சொல்லிக் கடைசியில் "குட்டன் டாக்" என்று வணக்கம் சொன்னது.

செங்கமலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கொல்லையில் கோழிகளிடமும் அண்டாவிடமும் பேசிய பாஷையை நிஜமாகவே ஒரு மனுஷி பேசுகிறாள். அது அவளுக்குப் புரிகிறது.

"குட்டன் டாக்" என்றாள். "ஸிம்மர் ஸ்வைஹுண்டர்ட் ஃபியர்ட்சேன், பிட்டெ." ரூம் இருநூற்றுப் பதினாலு.

அந்தக் குரல் மறுபடியும் கடகடத்தது.

"லாங்ஸாம் பிட்டெ. லாங்ஸாம்."

குரல் நின்றது. பிறகு, அதிசயமே அதிசயம், மெதுவாக வந்தது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள் அந்த அம்மா. "டாஸ் ஸிம்மர் இஸ்ட் லேர்."

லேர். ஐந்தாம் பாடம். கிளாஸில் தண்ணீர் இருக்கிறது, கிளாஸ் நிரம்பியிருக்கிறது, கிளாஸ் லேர். காலி.

ரூம் காலியாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு ரூம் எப்படியெல்லாம் காலியாகும் என்று செங்கமலத்துக்குத் தெரியும். "மைன் மன்" என்றாள், அப்புறம் மறுபடியும், "மைன் மன், மைன் மன்." என் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர்.

"யா" என்றது குரல், இன்னும் மெதுவாக. "வீ ஹைஸ்ட் ஈர் மன்?"

ஏழாவது கேள்வி. ஒரு எழுத்து மாறாமல் நோட்டில் இருந்தபடியே வந்து நின்றது. இந்தத் தடவை எட்டாவதற்குத் தாவ வழியில்லை.

கண்ணாடிக்கு வெளியே மாமியாரைப் பார்த்தாள். பெற்றவள் சொல்லலாம், குற்றமில்லை. ஆனால் கதவைத் திறந்து, அவளை எழுப்பி, விஷயத்தைச் சொல்லிக் கூட்டி வருவதற்குள் இந்த அம்மா போனை வைத்துவிடுவாள். ஏற்கெனவே "ஹலோ? ஹலோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

பொன்னுத்தாயின் எட்டாம் நாள் செங்கமலத்தின் கண்ணுக்குள் வந்து நின்றது. சொன்னால் ஆயுசு குறையும் என்றால், சொல்லாவிட்டால் அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. இல்லாமல் போயிருந்தால் குறைவதற்கு ஆயுசு ஏது? இருந்தால், அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க அந்தப் பேரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவளுக்குப் பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

"மைன் மன் ஹைஸ்ட்" என்றாள். கோடு வந்தது. கோட்டைத் தாண்டினாள். "ராசாங்கம்."

அந்த அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "வீ பிட்டெ?" என்றாள்.

"ராசாங்கம்."

"ராஸ்...?"

"ரா. சாங். கம். ராசாங்கம். ராசாங்கம்." ஏழு வருஷம் பூட்டியிருந்த கதவு. திறந்த பிறகு அது நிற்கவில்லை. இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னாள், கண்ணில் தண்ணீர் வரச் சொன்னாள். தேவசகாயம் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஆ, ஹெர் ராஸாங்கம்" என்றது குரல், சந்தோஷத்தோடு. "மொமென்ட் பிட்டெ."

டக்கென்று சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. கேட்கிறார்களோ இல்லையோ என்று செங்கமலம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். ராசாங்கம், ராசாங்கம், மைன் மன் ஹைஸ்ட் ராசாங்கம்.

"யாரு?" என்றது ஒரு ஆண் குரல், தமிழில். "செங்கமலமா? ஏய், நீயா பேரச் சொல்லிக் கூப்புடுற?"

அவள் அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

"ஜெர்மன்லதாங்க சொன்னேன்" என்றாள். "தமிழ்ல சொல்லல."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து வேறொன்றாக மாறியது. எலும்புக்குள் சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்களாம். காலை எடுக்க வேண்டிவரலாம் என்றார்களாம். அதை எப்படி எழுதுவது, எழுதாமல் வேறு எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவையே தொடவில்லையாம்.

"முந்தாநாள்தான் டாக்டர் சொன்னாரு, எடுக்க வேண்டாம்னு. கால் கொஞ்சம் கட்டையாப் போயிடும். சாஞ்சி சாஞ்சிதான் நடக்கணும்."

"சாஞ்சே வாங்க. வந்து சேருங்க, அது போதும்."

"செங்கமலம், அந்த ஏழாவத இன்னொரு தடவ..." என்று அவன் தொடங்கும்போது மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

வெளியே வந்தாள். ஆண்டாயி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்காரு அத்த. காலும் இருக்கு. சித்திரைக்குள்ள வந்துருவாராம்."

ஆண்டாயி அங்கேயே கல்லங்குறிச்சி இருக்கிற திசையாகப் பார்த்துத் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை எடுக்காமல் அழுதாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். செங்கமலம் வசவுக்குக் காத்திருந்தாள். உள்ளே கத்தியது வெளியே கேட்காமலிருக்க, கூண்டுக் கதவு ஒன்றும் அவ்வளவு கனமில்லை.

பஸ் ரயில்வே கேட்டில் நின்றபோது ஆண்டாயி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "கதவு சாத்தியிருந்தும் எனக்குக் கேட்டுச்சு."

"ஜெர்மன்லதான் அத்த சொன்னேன்."

"அந்தப் பாஷையில சொன்னா ஒண்ணும் ஆவாதா?"

"அந்த ஊருப் பொம்பளங்க தெனம் சொல்றாங்க அத்த. அவங்க புருஷனுங்கல்லாம் நல்லாத்தான் இருக்காங்க."

கேட் திறந்தது. பஸ் குலுங்கிக்கொண்டு கிளம்பியது. ஆண்டாயி மஞ்சள் பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"நான் ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள். "தூக்கத்துலகூடச் சொன்னதில்ல. சாமி பேரக்கூடச் சொல்லாமக் காப்பாத்துனேன். அப்புடியும் நாப்பது வயசுல போயிட்டாரு."

பதினெட்டு வருஷமாக இந்தக் கேள்வி மாமியாருக்குள் இருந்திருக்கிறது என்பது செங்கமலத்துக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. கையை எடுத்து மாமியார் கைமேல் வைத்தாள்.

கொஞ்ச தூரம் போனது. "எப்புடிச் சொன்ன அத?" என்று கேட்டாள் ஆண்டாயி. "மெதுவாச் சொல்லு."

"மைன் மன் ஹைஸ்ட்."

"மயின்..."

"மைன். மன். ஹைஸ்ட். அதுக்கு அப்பறம் பேரு."

ஆண்டாயி உதட்டை அசைத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை வார்த்தைகள் வரிசையாக வந்தன. பேருக்கு முன்னால் நின்றாள். முந்தானையை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டாள். பஸ் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், புதுப்பெண் மாதிரி, சொன்னாள்.

"மைன் மன் ஹைஸ்ட் அய்யம்பெருமாள்."

போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்று நோட்டில் பின்னால் எங்கேயோ இருந்தது. செங்கமலம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"சரியா வந்துச்சா?" என்றாள் ஆண்டாயி.

"சரியா வந்துச்சு அத்த."

ஆண்டாயி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ நீ கேளு, நான் ஒப்பிக்கிறேன்."

செங்கமலம் கேட்டாள்.

"வீ ஹைஸ்ட் ஈர் மன்?"